கம்சியின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

உடுவில்
06.07.2025

மேர்சி அவர்களுக்கு,

என்னைத் தெரிந்திருக்கும். கஜானன் இரண்டாவதாகக் கட்டியிருப்பது என்னைத்தான். சொந்த ஊர் உடுப்பிட்டி, கணித ஆசிரியை, பெயர் சுபாஜினி. இந்த அறிமுகம் உங்களுக்கு உவப்பாக இராது. எழுதுவது எனக்கும் உவப்பாக இல்லை.

கடிதமாக எழுதக் காரணம் உண்டு. இவர் டோகாவில் இருந்தபடியே என் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பார். தபாலைப் பிரிக்க அவருக்குக் கை எட்டாது. நீங்களும் கடிதமே போடுங்கள், என் பாடசாலை முகவரிக்கு.

விஷயம் கம்சிகாவைப் பற்றியது. உங்கள் மகள் என்று எழுத வேண்டுமாக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பத்து வயதுப் பிள்ளை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தால், நான் எழும்பிப் போன பிறகுதான் கை வைப்பாள். போன கிழமை கொட்டிலுக்குள் உங்கள் பழைய கண்ணாடித் தொட்டியைக் கண்டேன். உள்ளே தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டு வைத்திருந்தார்கள். நான் அதைத் துடைக்கும்போது பின்னால் வந்து நின்று, "இதுக்குள்ளை திரும்பக் கடல் மீன் விடுவீங்களோ?" என்று கேட்டாள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

டவுனில் மீன் விற்கும் கடைகளில் விசாரித்தேன். அவர்களுக்கு நன்னீர் மீன்தான் தெரியும். ஏற்றுமதிக்குக் கடல் மீன் பொதி செய்யும் இடத்தில் நீங்கள் வேலை பார்த்ததாக இவர் ஒருமுறை சொன்னார். எப்படித் தொடங்குவது என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன்.

சுபாஜினி


குருநகர்
11.07.2025

சுபாஜினி ரீச்சருக்கு,

ஓம் ரீச்சர், "உங்கள் மகள்" என்று எழுதத்தான் வேண்டும். பெற்றவள் நான். நீர் பிறகு வந்து சாவியை வாங்கினவர்.

உமக்கு அந்த மனிசன் என்ன சொல்லிக் கட்டினாரோ தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா செத்துப்போனா. செத்த வீட்டுக்குக் குருநகருக்கு வந்தேன். முப்பத்தோராம் நாள் பூசை முடித்துத் திரும்பினால் வாசல் படலையில் புதுப் பூட்டு. கம்சி பள்ளிக்கூடத்தில். "அம்மா உன்னை விட்டிட்டுப் போட்டா" என்று அவளுக்குச் சொல்லியாயிற்று. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன், லீவில் வந்து நின்ற அந்த மனிசன் பொலிசுக்குச் சொல்லி என்னை அப்புறப்படுத்தினார். அந்தக் கதையைக் கம்சி நம்பவில்லை என்று அவளுடைய சிநேகிதியின் தாய் செல்வநாயகி வந்து சொன்னா. நான் சோறு தின்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ஆகையால் சும்மா சொல்லித்தர மாட்டேன். கடல் மீன் தொட்டி ஒரு நாளில் வைக்கிற சாமான் இல்லை. படி படியாக வரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை டவுனுக்குக் கூட்டிவாரும். ஒரு ஐஸ்கிறீம் சாப்பிடுகிற நேரம் அவள் என் பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் படியைக் கடனாகச் சொல்கிறேன். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சோப்புப் பட்டால் எத்தனை தரம் அலசினாலும் மீனுக்கு ஆகாது. வெயில் விழாத பக்கம் வையும். நீர் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி பிடிக்கிறவர் என்றால் சாமியறைக்குக் கிட்ட வேண்டாம், காற்றுப் பம்பு புகையை இழுத்துத் தண்ணீருக்குள் விடும். தொட்டிக்குக் குருநகர் துறையடித் தண்ணீர் சரிவராது, படகு எண்ணெய் கலந்தது. என் தம்பி றொகான் வெளிக்கடலில் இருந்து பிளாஸ்டிக் கான்களில் கொண்டுவந்து தருவான். மணலும், கடலுக்குள் கனகாலம் கிடந்த சுண்ணக்கல்லும் அவனே தருவான்.

மேர்சி


உடுவில்
20.07.2025

மேர்சி அக்காவுக்கு,

தண்ணீர், கல், மணல் மூன்றும் வந்து சேர்ந்தன. பம்பு ஓடுகிறது. உங்கள் தம்பிக்கு நன்றி சொல்லுங்கள். பிள்ளையோடு கதைக்க வேண்டாம் என்று படலையடியிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். சொன்னபடியே நடந்தார். கம்சிகா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். அவர் கானை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பண்பான மனிதர்.

நேற்று அவள் மணலைப் பரப்ப எனக்கு உதவி செய்தாள். என் கையும் அவள் கையும் ஒரே தண்ணீருக்குள் இருந்தன. உங்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வர முடியவில்லை. அவளுக்குக் காய்ச்சல். அடுத்த படியை எழுதுங்கள்.

சுபாஜினி


குருநகர்
30.07.2025

ரீச்சர்,

காய்ச்சல்காரப் பிள்ளை அன்று பின்னேரம் சயந்தன் மாஸ்ரரின் ரியூசனுக்குச் சைக்கிளில் போனதைச் செல்வநாயகி கண்டிருக்கிறா. பொய் சொல்வதென்றால் அயலட்டையையும் சேர்த்துப் பேசி வைத்துக்கொள்ள வேணும். உமக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அவரோடு இன்னும் கொஞ்சக் காலம் இரும், வந்துவிடும்.

என்றாலும் தொட்டிக்கு முன்னால் என் பிள்ளை குந்தியிருப்பாள். அதனால் சொல்கிறேன்.

இனித்தான் உமக்குக் கஷ்டமான படி. தண்ணீரை ஊற்றியவுடன் மீனை விட்டால் செத்துவிடும். மீன் கழிக்கிற அழுக்கு மீனுக்கே நஞ்சு. அந்த அழுக்கைத் தின்கிற கிருமி கல்லிலும் மணலிலும் பெருக வேணும். அது பெருகுவதற்குத் தீன் வேணும். ஒரு பச்சை இறாலை உரிக்காமல் தொட்டிக்குள் போட்டு அழுக விடும். மணக்கும். எடுக்கக் கூடாது. தண்ணீர் கலங்கும், கல்லில் மண்ணிறமாகப் பாசி பிடிக்கும், பிறகு தானாகத் தெளியும். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். தண்ணீர் வற்றினால் கடல் தண்ணீர் விடாதேயும். உப்பு ஆவியாகப் போகாது, தண்ணீர்தான் போகும். போத்தலில் விற்கிற நல்ல தண்ணீர் விடும். உங்கள் உடுவில் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தோட்டத்துக்குப் போடுகிற உரம் முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது.

மேர்சி


உடுவில்
04.08.2025

மேர்சி அக்கா,

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடி ஏறி ஒரு கிழமை ஆகிறது. சட்டி பானை எல்லாம் கழுவி மீன், மச்சம் நிறுத்தியிருக்கிற வீட்டில், கூடத்தின் நடுவில், இறாலை அழுக விடு என்கிறீர்கள். வேண்டுமென்றே கொடி ஏறும் வரை பார்த்திருந்து எழுதினீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம், உங்களுக்கும் எங்கள் நல்லூர் தெரியும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய நக்கலும் விளங்கியது. இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் உங்கள் பிள்ளை வளர்கிறது.

ஆனாலும் போட்டேன். மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு போட்டேன். மாமி, இவரின் தாய், சுவாமிப் படத்தைத் தூக்கிக்கொண்டு தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. கம்சிகா அதைப் பார்த்து, "கந்தசாமியாருக்கும் மணக்குதாமோ?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அந்த நாற்றத்துக்குள் இருந்து சிரித்தோம்.

ஒரு ஞாயிறு தர வேண்டியிருக்கிறது, மறக்கவில்லை. நல்லூர்த் தேரன்று காலையில், வளையல் விற்கிற காப்புக் கடைகளடியில் நில்லுங்கள். கூட்டிவருகிறேன்.

சுபாஜினி


குருநகர்
14.09.2025

ரீச்சர்,

இவ்வளவு நாளும் எழுதாமல் விட்டது, எழுதினால் தூஷணம் வந்துவிடும் என்பதால்.

விடியமுன் வந்து காப்புக் கடையடியில் நின்றேன். நீர் வந்தீர். வீதியின் மற்றக் கரையால், தேங்காய் உடைக்கிற சனத்துக்குப் பின்னால், பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனீர். என்னைக் கண்டீர். கண்டு, அவளுடைய முகத்தை மற்றப் பக்கம் திருப்பினீர். எனக்குக் கிடைத்தது ஒரு பின்னலும் சிவப்பு ரிபனும். கூப்பிட்டேன், மேளத்துக்குள் யாருக்குக் கேட்கும்? கையில் வாங்கி வைத்திருந்த காப்பை அந்தக் கடைக்காரியே பாவப்பட்டுத் திருப்பி எடுத்தா.

பிள்ளை பெறாத உமக்கு இது விளங்காது. எழுதக் கூடாத சொல்தான், தெரிந்துதான் எழுதுகிறேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று றொகானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர். இரண்டு கோமாளி மீனும் ஒரு நீல மீனும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். பையோடு தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டுப் பழக்கி, பிறகு மீனை மாத்திரம் விடும். தீன் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். கல்லையும் மணலையும் கிளற வேண்டாம்.

மீன் அம்மா தந்தது என்று அவளுக்குச் சொல்லும். அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

மேர்சி


உடுவில்
28.09.2025

மேர்சி அக்கா,

மூன்று மீனும் வடிவாக நீந்துகின்றன. கடையில் வாங்கியது என்று கம்சிகாவுக்குச் சொன்னேன்.

கோபப்படாமல் வாசியுங்கள். அவள் இப்போது என் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் தொட்டிக்கு முன்னால் குந்தி, எந்த மீன் எங்கே ஒளித்தது என்று எனக்குச் சொல்கிறாள். வியாழக்கிழமை "சுபாம்மா" என்று கூப்பிட்டாள். அவளுக்கே வாய் தவறித்தான் வந்தது. ஆனால் திருத்தவில்லை.

பிள்ளை பெறாதவள் என்று எழுதினீர்கள். உண்மைதான். மூன்று தரம் கரு தங்கவில்லை. முதல் இரண்டும் என் முதல் கலியாணத்தில், அதற்காகத்தான் அந்த மனிதன் என்னை விட்டான். கம்சிகா ஒருத்திதான் இனி எனக்கு. ஆகவே பங்கு போட என்னால் ஏலாது. படலைப் பூட்டின் கதையை நான் நம்புகிறேன். இவர் செய்யக்கூடியவர்தான். நம்புவதால் எனக்கு ஒன்றும் மாறப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளை எதிர்பார்க்க வேண்டாம். தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது. இனி உங்களிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சுபாஜினி


குருநகர்
02.10.2025

ரீச்சர்,

கேட்க ஒன்றும் இல்லையோ? நல்லது.

ஆனால் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடல் மீன் தொட்டி வைக்கிற எவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டியது. நீர் எப்படிப்பட்டவர் என்று உம்முடைய முதல் கடிதத்திலேயே தெரிந்ததால், சொல்லாமல் என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மாரி மழை தொடங்க முன்னம் உம்முடைய மூன்று மீனும் மல்லாந்து மிதக்கும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க மிதக்கும். அப்போது "சுபாம்மா" என்று கூப்பிடுகிறாளோ என்று பார்ப்போம்.

கம்சியைக் குருநகருக்கு, என் வீட்டுக்கு, என் கையில் கொண்டுவந்து தாரும். அந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மேர்சி


உடுவில்
13.10.2025

மேர்சி அக்கா,

நீல மீன் செத்துவிட்டது. கோமாளிகள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து என்னவெல்லாம் செய்யலாமோ அவ்வளவும் செய்தேன். தொட்டியை அடி முதல் நுனி வரை சுத்தம் செய்தேன். ஓட்டோ பிடித்து மாதகலில் இருந்து புதுக் கடல் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகுதான் இன்னும் மோசமாகிறது.

கம்சிகா சாப்பிடுகிறாள் இல்லை. "என்னத்தைச் செய்தனீங்கள்?" என்று என்னைக் கேட்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சொல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். தானே வந்து கேட்கப் போகிறாளாம்.

வருகிற ஞாயிறு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். நீங்கள் வென்றுவிட்டீர்கள். அவளிடமாவது சொல்லுங்கள்.

சுபாஜினி


குருநகர்
20.10.2025

அன்புள்ள சுபாஜினிக்கு,

நேற்று நீங்கள் ஓட்டோவில் திரும்பிப் போனதில் இருந்து எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை. பிழையாக எழுதினால் மன்னியுங்கள்.

நீங்கள் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அவள் வாளியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள். ஒரு மீன் வரும் வழியிலேயே செத்திருந்தது. மற்றது கிடந்து மூச்சு இழுத்தது. நான் அவளைத் தூக்கப் போனேன். "முதல்லை மீனைப் பாருங்கோ" என்றாள். றொகான் கொண்டுவந்த தண்ணீருக்குள் மீனை மாற்றினேன், காற்றுக் கொடுத்தேன். அது என் கைக்குள்ளேயே செத்தது.

"அம்மா, அந்த ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

"அப்பிடி ஒண்டும் இல்லையடி குஞ்சு. உன்னைக் காணவேணும் எண்டு அம்மா சும்மா எழுதினது."

"பொய். நீங்கள்தானே எழுதினீங்கள், சொல்லாத ஒண்டு இருக்கு எண்டு. நான் வந்திட்டன்தானே. இப்பவும் ஏன் சொல்லுறீங்கள் இல்லை?"

மாதா மேல் ஆணை வைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை உங்களுக்கும் தெரிந்தது. அவளுக்கென்று வைத்த நண்டுக் குழம்பைத் தொடவில்லை. ஓட்டோவுக்குள் போய் ஏறி இருந்துவிட்டாள்.

உண்மையாகவே ஒன்றும் இல்லை, சுபாஜினி. தெரிந்த அவ்வளவையும் எழுதினேன். கல்லையும் மணலையும் கிணற்றடியில் வைத்துத் தேங்காய்த் தும்பால் உரஞ்சி வெயிலில் காயப்போட்டதாக நேற்று நீங்களே சொன்னீர்கள். நல்லூர்க் கொடிக்குள் அழுகின இறாலில்தான் நான் நஞ்சு வைத்தேன் என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள். மீனின் அழுக்கைத் தின்ற கிருமி முழுக்க அந்தப் பாசியோடு, அந்தக் கல்லோடுதான் இருந்தது. அது செத்தது, மீனும் செத்தது. நான் சொன்னபோது நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். விளங்கித்தான் குனிந்தீர்கள்.

என்னுடைய பொய்தான் உங்களைப் பயப்படுத்தி அதைச் செய்ய வைத்தது. அந்தப் பாவம் என் தலையில்தான். ஆனால் மீனைக் காப்பாற்ற வழி தெரிந்தும் சாகவிட்டேன் என்று பிள்ளை நினைத்துக்கொண்டு போகிறாள். நான் ஆணை வைத்தும் நம்பாதவள், நீங்கள் சொன்னால் நம்புவாள். கல்லைக் கழுவியதை அவளிடம் சொல்லுங்கள். உங்களை அவள் கோபித்தாலும் இரண்டு நாளில் மறப்பாள், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

ஞாயிறு ஒன்றும் கேட்க மாட்டேன். இனி ஒருநாளும் கேட்க மாட்டேன். இது ஒன்றை மட்டும் செய்யுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

மேர்சி


உடுவில்
27.10.2025

மேர்சி,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நீர் எழுதியது சரி. கல்லைக் கழுவிய பிறகுதான் மீன் செத்தது. என் கையால்தான் செத்தது. நான் கணக்குப் படிப்பிக்கிறவள், எது எதனால் வந்தது என்று எனக்கு விளங்காமல் இல்லை.

அவளிடம் சொல்லப் போகிறதில்லை.

சொல்லலாம் என்று ஒருமுறை நினைத்தேன், உண்மை. ஓட்டோவில் வரும்போது அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் தவம் கிடந்தது அதற்குத்தான். என் பக்கம் ஒதுங்கின பிள்ளையிடம், உன்னுடைய மீனைக் கொன்றது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? நீரென்றால் சொல்லியிருப்பீரோ? பின்னலையும் ரிபனையும் பார்த்துவிட்டு நின்ற அன்று, உமக்காக யாராவது எதையாவது விட்டுக்கொடுத்தார்களோ? நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கொடுக்கவில்லை.

தொட்டியைத் திரும்பக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டேன். அவளே வந்து ஒரு கரை பிடித்தாள். இவருக்கும் ஒன்றும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. இனிக் கடிதம் போட வேண்டாம். பாடசாலை அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்று அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். தானாகவே கதைத்தாள்.

"அம்மா என்னை விட்டிட்டுப் போனவா எண்டு அப்பா சொல்லேக்கை நான் நம்பேல்லை, சுபாம்மா. இப்ப நம்புறன்" என்றாள்.

சிக்கெடுத்துப் பின்னி, ரிபன் கட்டிவிட்டேன்.

சுபாஜினி